சந்திரன் நினைவுக் கோப்பை

விவேக் நகர்,
பெங்களூர் – 47
15.6.1997

அன்புத் தம்பி நரேஷுக்கு அக்கா விஜி எழுதுவது.

நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி. உன் மாமாவுக்கு வேலைக்குப் போகும் பீன்யா பஸ்ஸில் நின்று நின்று இடுப்பு வலி. இவர்கள் இருவராலும் எனக்குத் தலைவலி. வீணா மட்டும் சுகம், ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். எஸ்.டி.டி. பூத்தில் பேசினால் நீயும் நானும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான் ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறேன். சிரிக்காதே. நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மன்றம்.

நம் செவன்த் கிராஸ் தெரு முடிவில் இருக்கும் மைதானம் ஞாபகம் இருக்கிறதா? நீ பட்டம் விட்ட இடம். அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன. லாரி நிற்காத பாதியில் பந்தல்காரர் ஷங்கர் தன் கம்பங்களையும் தகரங்களையும் அடுக்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் ரோட்டில் ஆடுகிறார்கள். போன மாதம் பந்தைத் துரத்தி ஓடிய ஒருவன் ஆட்டோவில் மோதிக் கையை ஒடித்துக்கொண்டான். மறுநாள் காலையில் தெருப் பெரியவர்கள் எல்லோரும் கூடினார்கள். மைதானத்தை மீட்கத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, பிள்ளைகளிடமிருந்து பந்தைப் பிடுங்கி வைக்க. எனக்கு வந்த கோபத்தில், "அந்தப் பந்த இங்க குடுங்க. கிளப்பு நான் நடத்துறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எட்டு மணி நேரம் கார்மென்ட்ஸில் காலர் தைத்துவிட்டு வந்து, இப்போது இருபத்திரண்டு பிள்ளைகளை மேய்க்கிறேன்.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. தெரிந்தது எறிபந்து, அதுவும் ஒன்பதாம் வகுப்பு வரைதான். வெளியூர் டூர்னமென்ட் என்று பையைத் தூக்கிக்கொண்டு போன அப்பா திரும்பி வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனேன். நீ அப்போது ஆறாவது. பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அவர் ஆடியது என்பதற்காகவே நான் அந்தப் பந்தைத் தொட்டதில்லை. இப்போது பார், தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் வேண்டுமாம். என் வீணா உட்பட.

முடிந்தால் இரண்டு பந்து அனுப்பு. முடியாவிட்டால் நாலு நல்ல வார்த்தையாவது எழுது. அம்மாவுக்கு உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டும், கொஞ்சம் நீளமாகவே எழுது.

உன் அக்கா
விஜி


சயான்,
மும்பை – 22
2.7.1997

அன்புள்ள அக்காவுக்கு நரேஷின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் குழியில் எல்லாம் தண்ணீர் நிற்பதால் எங்களுக்கு ஓயாத வேலை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டில், அல்போன்சா அக்கா என்று பெயர், மீன் குழம்பு வைத்துக் கூப்பிடுவார்கள். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். மாமாவை இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ளச் சொல்.

நீ ஆரம்பித்தது நல்ல காரியம்தான். ஆனால் முதல் பத்து நாள் பந்தையே கண்ணில் காட்டாதே. செங்கற்களை இரண்டடிக்கு ஒன்றாக, வளைத்து வளைத்து வை. அவற்றுக்கு நடுவே ஓடட்டும். முன்னால் ஓடுவது, பின்னால் ஓடுவது, பக்கவாட்டில் ஓடுவது. பந்துக்கு முன்னால் கால் பழக வேண்டும். செங்கல்லைப் பார்த்து ஓடிப்போகிற பிள்ளை போகட்டும், பந்து கேட்டு அழுகிற பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொள்.

இரண்டு பந்து பார்சலில் வருகிறது. காற்றடிக்கிற ஊசியும் உள்ளே இருக்கிறது. ஊசியில் எச்சில் தொட்டுத்தான் குத்த வேண்டும், இல்லாவிட்டால் வால்வு கிழியும்.

அன்புடன் தம்பி
நரேஷ்


விவேக் நகர்
20.7.1997

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் தைலமும் பந்தும் வந்தன. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து காட்டினாள். நீயும் மழையில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

செங்கல் வைத்து ஓடவிட்டேன். இருபத்திரண்டில் எட்டு ஓடிப்போனது, மூன்றாம் நாள் ஐந்து திரும்பி வந்தது, அவர்களோடு வேடிக்கை பார்க்க வந்த பன்னிரண்டும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் பெண் பிள்ளைகள். நீ சொன்னது அப்படியே நடந்தது. அது சரி, உனக்கு இதெல்லாம் எப்போது தெரியும்? சின்ன வயதில் நீ பந்தை உதைக்கப் போனால் செருப்புதான் பறக்கும்.

பிள்ளைகளோடு தொல்லை இல்லை. பெரியவர்களோடுதான். மன்றத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கமிட்டி வேண்டும். ஏழு பேரும் தலைவர் பதவி கேட்கிறார்கள். பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டோம். ஒருவர் தன் தாத்தா பெயரைச் சொன்னார், இன்னொருவர் தன் கட்சித் தலைவர் பெயரைச் சொன்னார், மூன்றாமவர் எழுந்து போய்விட்டார். கடைசியில் ‘செவன்த் கிராஸ் விளையாட்டு மன்றம்’ என்று தெரு நம்பரையே வைத்தோம். ஒரு தலைவர், நாலு துணைத் தலைவர். செங்கல் தூக்கி வைக்க மட்டும் நான்.

மைதானத்துக்கு அனுமதி தரும் ஆபீசுக்கு நாலு தடவை போனேன். அந்தக் கிளார்க் தலையை நிமிர்த்தாமலே கன்னடத்தில் "நாளெ பன்னி" என்பார். நாளைக்குப் போனால் அதற்கும் நாளைக்கு வரச் சொல்வார். ஷங்கரிடம் கம்பங்களை எடுக்கச் சொன்னால், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ விஜிக்கா, முகூர்த்த மாசம் போவட்டும்" என்கிறார். இவருக்கு எந்த மாசம்தான் முகூர்த்தம் இல்லை?

வீணா எதற்கும் இடது காலைத்தான் நீட்டுகிறாள். திருத்தினால் தடுக்கி விழுகிறாள். என்ன செய்வது?

உன் அக்கா
விஜி


சயான்
28.8.1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நான் சுகம். அம்மாவும் மாமாவும் சுகம்தானே? வீணாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

வீணாவைத் திருத்தாதே அக்கா, தயவு செய்து. இடது கால்காரர்கள் நூற்றில் நாலு பேர்தான் கிடைப்பார்கள். இடது காலுக்கு மட்டும் ஷூ போட்டுவிடு, வலது கால் வெறுங்காலாக இருக்கட்டும். வெறுங்காலால் உதைக்கத் தோன்றாது. வலது காலுக்கு லீவு கொடு. ஆறு மாதம் கழித்து வலது காலை வேலைக்குக் கூப்பிட்டால் போதும். சுவரில் கரியால் ஒரு தட்டு அளவுக்கு வட்டம் போட்டு, தினமும் நூறு தடவை அதில் அடிக்கச் சொல்.

மைதானம் கிடைத்தால் கோடு போடுவதற்கு ஆள் கூப்பிடாதே. சணல் கயிற்றைச் சுண்ணாம்புப் பாலில் தோய்த்து, இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கித் தரையில் ஓர் அறை. நேர்கோடு விழுந்துவிடும். சுண்ணாம்பை முந்தின நாளே ஊற வைத்து வடிகட்ட வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள், வெந்துபோகும்.

இந்த வீணாவின் இடது கால் விஷயம் எப்படிப் போகிறது என்று எழுது.

தம்பி
நரேஷ்


விவேக் நகர்
14.9.1997

தம்பி நரேஷுக்கு,

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்கு நான் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வலது காலுக்கு லீவு என்ற இடத்தில், "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. வீணாவுக்குப் புரிந்தது. சுவரில் கரி வட்டம் இப்போது பந்து பட்டுப் பட்டு அழிந்துபோனது, இரண்டு தடவை புதிதாகப் போட்டேன்.

மைதானம் இல்லை என்று ஆபீசில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் நடந்ததற்கு மூன்று வரி. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டு ஐயா சீனிவாசராகவனைத் தெரியுமே, சர்க்காரில் பெரிய வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தினம் விளையாட கிரவுண்டு குடுன்னா குடுக்க மாட்டாம்மா. டூர்னமென்ட்னு கேளு. அதுவும் மெமோரியல் டூர்னமென்ட். செத்தவா பேர்ல கேட்டா இல்லேன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒரு வாட்டி கேட்டைத் திறந்துட்டா, அப்புறம் பிராக்டீஸுக்கும் கேக்கலாம்" என்றார்.

"யார் பேர்ல சார்?" என்றேன்.

"இதென்ன கேள்வி? உங்கப்பா சந்திரன் பேர்லதான். மில் டீம்ல லெஃப்ட் லைன்ல அவன் பந்தோட போனா நாங்கள்ளாம் எழுந்து நின்னுடுவோம். கோப்பை நான் வாங்கித் தரேன். எனக்குத் தெரிஞ்சவாட்ட நானே வந்து பேசறேன்."

எனக்கு உள்ளே எரிந்தது. நான் பந்தை விட்டதே அந்த ஆளால். இப்போது என் பிள்ளைகள் பந்தைத் தொட வேண்டுமென்றால் அந்த ஆள் பெயரைச் சொல்ல வேண்டுமாம். இரண்டு நாள் யோசித்தேன். ரோட்டில் ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதே என்று உன் மாமா கேட்டார். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் ஆள் உயிரோடு இல்லை என்றுதான் சட்டமே எடுத்துக்கொள்ளும் என்கிறார் ஐயா. குடும்பத்தார் மூவரும் ஒப்புதல் எழுதித் தர வேண்டும். இதோடு இருக்கும் தாளில் ‘காலஞ்சென்ற சந்திரன் அவர்களின் மகன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

அக்கா
விஜி


விவேக் நகர்
19.10.1997

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுதினால் நலம் என்று ஒரு வரியாவது வர வேண்டாமா? ஐந்து வாரம் ஆகிறது. காய்ச்சல் ஏதாவதா என்று அம்மா கவலைப்படுகிறாள்.

ஐயா இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவர் மனைவி ருக்மிணி அம்மா வேறு, "உன் தம்பிக்கு இஷ்டமில்லையாம்மா?" என்கிறார். அம்மா ரேகை வைத்துவிட்டாள். அவள் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். நெற்றியில் பொட்டோடு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு, அந்த ஆள் என்றைக்காவது வருவார் என்று இருந்தவள். தாளைக் கொண்டுபோய் வைத்ததும், "எங்க வைக்கணும்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். நீ மட்டும்தான் பாக்கி.

முதல் தாள் தொலைந்திருந்தால் இதோ இன்னொன்று.

விஜி


சயான்
2.11.1997

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

காய்ச்சல் ஒன்றுமில்லை. வேலை அதிகம். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

அக்கா, அந்தப் பெயர் வேண்டாமே. ஒருவரைப் பற்றித் தெரியாமல் காலஞ்சென்ற என்று எழுதுவது நல்லதாகப் படவில்லை. குடியரசு தினக் கோப்பை என்று வைக்கலாம். தெரு நம்பரையே வைக்கலாம். அந்த ஐயாவிடம் பேசிப் பார். அம்மாவிடம் ரேகை வாங்கியதும் சரியில்லை, அவளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமோ என்னவோ. தாள் மழையில் நனைந்துவிட்டது, அதனால் அனுப்பவில்லை.

கோல்கீப்பருக்கு ஒரு விஷயம். பந்தைப் பார்க்கச் சொல்லாதே, அடிக்கிறவனின் இடுப்பைப் பார்க்கச் சொல். இடுப்பு பொய் சொல்லாது. வீணா எப்படி இருக்கிறாள்?

தம்பி
நரேஷ்


விவேக் நகர்
16.11.1997

நரேஷுக்கு,

நான் சுகமில்லை. நீ சுகமாக இரு.

இரண்டு தாளும் நனைந்ததா? மும்பையில் மழை உன் தலையணைக்குக் கீழே மட்டும் பெய்கிறதா? குடியரசு தினக் கோப்பை என்று கேட்டால் கிடைக்காது, நினைவுக் கோப்பை என்றால்தான் கிடைக்கும் என்று எழுதியும் உனக்கு மண்டையில் ஏறவில்லை. பெயர் வைப்பதில் உனக்கு என்னடா நோகிறது? அந்த ஆள் இருந்து என்ன செய்தார், இல்லாமல் என்ன குறைந்தது? நான் பதினைந்து வயதில் பீடி இலை வெட்டினேன். நீ படித்தது அதில். அதை எழுதிக் காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். உன் பழைய கடிதத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நன்றாகவே வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிறு. எட்டு டீம்.

அது சந்தோஷமான செய்தி. இன்னொன்றையும் கேள். போன ஞாயிறு நோட்டீஸ் அடித்து வந்தது. ‘சந்திரன் நினைவுக் கோப்பை’ என்று பெரிய எழுத்தில். தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பொட்டு இல்லை. மஞ்சள் கயிற்றைக் கழற்றிக் குங்குமச் சிமிழோடு சுருட்டிப் பரணில் வைத்துவிட்டாள். நான் ஓடிப்போய், "எதுக்கும்மா? வெறும் நோட்டீஸுக்காவா?" என்று கத்தினேன். "நோட்டீஸுல போட்டாச்சில்ல" என்றாள். அப்புறம் வெற்றிலை போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் ஆடுவதற்கு ஒரு இடம் கேட்டேன் நரேஷ். அதற்கு அம்மாவின் நெற்றியா விலை? நீ ஒரு கையெழுத்துக்கு அழுகிறாய்.

விஜி


சயான்
25.1.1998

அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? இதை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

அப்பா உயிரோடு இருக்கிறார். இங்கே, மும்பையில். நான் அவரைக் கண்டுபிடித்து மூன்றரை வருஷம் ஆகிறது.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் வேலைக்குப் போனேன். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்தில் பள்ளிக்கூட மைதானம். காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு கிழவர் சுண்ணாம்புக் கயிற்றைப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பந்தாடிய ஒரு பையனைப் பார்த்து, "வலது காலுக்கு லீவு குடுறா" என்று கத்தினார். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியுமே, அந்தக் குரலும் தெரியும். இறங்கிப் போய் எதிரில் நின்றேன். என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார். பெயரைச் சொன்னேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த டூர்னமென்ட்டில் முதல் ஆட்டத்திலேயே முட்டி நொறுங்கிவிட்டதாம். ஆட்டக்காரன் என்றுதான் மில்லில் வேலை. கால் போனால் வேலையும் போகும். நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வர வெட்கமாக இருந்தது, ஒரு மாதம் போகட்டும் என்று இருந்தேன் என்கிறார். மாதம் வருஷமாகி, அப்புறம் எந்த முகத்தோடு வருவது என்று விட்டுவிட்டாராம். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த அல்போன்சா அக்காதான் அவரைப் பார்த்துக்கொண்டவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும் வீடு அதுதான்.

சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

செங்கல், சுண்ணாம்பு, கோல்கீப்பர் எல்லாம் அவர் சொல்லி நான் எழுதியது. பந்து வாங்கியதும் அவர்தான். வீணாவுக்கு இடது கால் என்று சொன்ன அன்று மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். அம்மா பொட்டு எடுத்ததையும் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது, எட்டாம் தேதி வரட்டுமா என்று கேட்கிறார். யாருக்கும் தெரியாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறாராம். நான் என்ன சொல்லட்டும்?

நீ போட்ட கையெழுத்து நான் போட்டதாகவே இருக்கட்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது.

நரேஷ்


விவேக் நகர்
15.2.1998

நரேஷுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று இப்போது எனக்கும் தெரியும்.

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. ஆட்டத்துக்கு மூன்று நாள். படித்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று நான் தைத்த காலர் அத்தனையும் திரும்பி வந்தது. மூன்றரை வருஷம் அந்த வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்கே எழுதியிருக்கிறாய். உன்னை எந்த வார்த்தையால் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அகப்படும்போது நேரில் திட்டுகிறேன்.

ஏழாம் தேதி சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து முழுவதும் படித்தேன். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"வலது காலுக்கு லீவுன்னு படிச்சியே, அன்னிக்கே தெரியும். அது அந்தாளு பேச்சு. உன் தம்பிக்கு எங்கேர்ந்து வந்துச்சு? அவனுக்குப் பந்து ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்."

"தெரிஞ்சா ரேகை வச்ச? தெரிஞ்சா பொட்ட எடுத்த?" என்று கத்தினேன்.

"பதினாறு வருஷம் வச்சிருந்தேன். எங்க அடிபட்டுக் கெடக்குதோ, சோறு துன்னுச்சோ இல்லியோன்னு வச்சிருந்தேன். நல்லா இருந்துக்கினு வரலன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு நெத்தியில எடம்? புள்ளைங்களுக்கு கிரவுண்டாச்சும் கிடைக்கட்டும். ஒரு வாட்டியாவது அந்தாளு நமக்கு உதவட்டுமே."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். அவள் அழவில்லை. பொழுது போகிறது, சுண்ணாம்பு ஊறப்போடு என்று எழுப்பிவிட்டாள். அந்தக் கயிற்றுக் கோடு நேராகத்தான் விழுந்தது. அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

எட்டாம் தேதி எட்டு டீமும் வந்தது. ஷங்கர் கம்பங்களை முழுக்க எடுக்கவில்லை, பாதியை மட்டும் எடுத்து, அதிலேயே எங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டார். நாலு துணைத் தலைவரும் மேடையில். ஐயா மைக்கைப் பிடித்து, காலஞ்சென்ற சந்திரனின் ஆட்டத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பேச்சு முடிந்ததும் எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். எண்பது பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். உன் மாமா மட்டும் விஷயம் தெரிந்ததால் கால் மாற்றி மாற்றி நெளிந்துகொண்டிருந்தார். ருக்மிணி அம்மா நம் அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் முழுவதும் ஒரே ஆத்திரம். மைதானத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்காவது ஒரு நொண்டிக் கால் நிற்கிறதா என்று. இல்லை. பதில் வராமல் கிளம்ப மாட்டார் போலிருக்கிறது. அதற்காவது வெட்கம் மிச்சமிருக்கிறது.

நம் டீம் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றது. ஒரு ஆள் குறைந்ததால் வீணாவை இடது ஓரத்தில் இறக்கினோம். பெண்ணா என்று எதிர் டீம் சிரித்தது. கோட்டை ஒட்டிப் பந்தோடு போனாள். ஐயா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இடது காலால் அடித்தாள், கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவ்வளவுதான். ஜெயித்த டீமுக்கு அம்மா கோப்பையைக் கொடுத்தாள்.

ஆபீசில் சனி, ஞாயிறு மட்டும் ஆறு மாதத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் லாரிகள் வந்து நின்றுவிட்டன. கோட்டின் மேல் டயர் தடம். நான் இன்னும் எத்தனை தடவை அந்தக் கிளார்க்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமோ தெரியாது. பார்ப்பேன். ஐம்பத்தாறு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

இனி உன் கடிதத்தில் உன் பேச்சு மட்டும் இருக்கட்டும். ஆட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் மழையைப் பற்றி எழுது. அல்போன்சா அக்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். விழுந்த ஒருவரைத் தூக்கியவர் அவர்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவைத்தான் கேட்டேன். "வந்தா பர்மிஷன் கேன்சல் ஆயிடும்னு சொல்லு" என்றாள்.

அதனால் வர வேண்டாம். ஆனால் இது சுழற்கோப்பை. வருஷா வருஷம் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு நடக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நாங்கள் எல்லோரும் அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்போம். அந்த நேரத்தில், அங்கே, அவரையும் எழுந்து நிற்கச் சொல்.

உன் அக்கா
விஜி